பதிவேட்டில் ஒரே கட்டம்: தமிழ்நாட்டு வகுப்பறைகளும் ஒரு மாணவரின் பல சமூகங்களும்

ஒடுக்கப்பட்டோர் தலைவரான இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றித் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் சில வரிகள் எழுதியிருக்கிறார். சுமார் 400 பிள்ளைகள் படித்த அந்தக் கலாசாலையில் பத்துப் பேர் நீங்கலாக எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். அவர்களோடு சிநேகமானால் தம் சாதியையும் குடும்பத்தையும் இருப்பிடத்தையும் தெரிந்துகொண்டு தாழ்வாக நடத்துவார்களே என்று அஞ்சி, அவர் பள்ளிக்கு வெளியே எங்காவது இருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீட்டுக்கு நடந்துவிடுவார். கூடி விளையாட முடியாமற்போன கொடுமையை எண்ணி மனம் கலங்கியதாகவும் சொல்கிறார். பின்னாளில் 1930-இல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர், பள்ளி மைதானத்தில் கால் வைக்கத் தயங்கியிருக்கிறார்.

அவருடைய அச்சம் எதைப் பற்றியது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தம்மைப் பற்றி ஒன்றுமே தெரியக்கூடாது என்பது அவர் எண்ணமன்று. சாதி என்ற அந்த ஒன்று தெரிந்துவிட்டால் மற்ற எதுவும் கணக்கில் வராது என்பதையே அவர் அறிந்திருந்தார். எந்தப் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஒரு தெருவுக்கும் ஒரு மொழிக்கும் ஒரு வழிபாட்டுக்கும் ஒரு வகுப்புக்கும் ஒரு விளையாட்டு அணிக்கும் ஒரு தொழில் செய்யும் வீட்டுக்கும் உரியதாக இருக்கிறது. இவற்றில் ஒன்று மட்டும் எழுந்து மற்ற அனைத்தையும் விழுங்கிவிடும்போதுதான் வகுப்பறையில் ஒதுக்கல் தொடங்குகிறது. பள்ளிகளில் ‘அனைவரையும் உள்ளடக்குதல்’ என்று இன்று பேசப்படுவதன் நடைமுறைப் பொருளை இங்கிருந்து தேடுவதே சரி என்று நினைக்கிறேன். அடையாளங்களை அழிப்பது அதன் வேலையன்று. எந்த ஒன்றும் மற்றவற்றை விழுங்காதபடி பார்த்துக்கொள்வதே அதன் வேலை.

1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. அந்த வழக்கம் தமிழ்நாட்டில் நிலைத்தது. இன்று எந்த வருகைப் பதிவேட்டைத் திறந்தாலும் பெயர்க் கட்டத்தில் தலைப்பெழுத்தும் பெயரும்தான் இருக்கும். பெயரிலிருந்து போனது தென்மாவட்டங்களில் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று இன்ன சாதிக்கு இன்ன நிறம் என வகுத்துக்கொண்டு மாணவர்கள் கயிறு கட்டி வருவதைக் குறிப்பிட்டு, அதைத் தடுக்கும்படி 2019-இல் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அது சமய நம்பிக்கையில் தலையிடுவதாக எதிர்ப்பு எழுந்தவுடன், அதைச் செயல்படுத்தும் முனைப்பு நின்றுபோனது.

கோயிலில் கட்டிய காப்புக் கயிற்றையும் இந்த நிறக் கயிற்றையும் ஒன்றாகப் பேசுவது தவறு. முன்னது வேண்டுதலுக்கும் வீட்டாரின் நம்பிக்கைக்கும் உரியது. பின்னது எதிரே வருபவன் பார்ப்பதற்கென்றே கட்டப்படுவது. ஆறாம் வகுப்பில் வெறும் கயிறாக இருந்ததை, ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள் ‘இதுதான் நம்ம கலர்’ என்று பள்ளியை விட்டுப்போன அண்ணன்மார் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு பேருந்தில் எந்த இருக்கை, குழாயடியில் யார் முதலில், சத்தமாகச் சிரிக்க யாருக்கு உரிமை என்பதெல்லாம் மணிக்கட்டைப் பார்த்தே முடிவாகின்றன. வேறுபாடு தெரியக்கூடாது என்று கொண்டுவரப்பட்ட சீருடையின் சட்டைக் கைக்குள்ளிருந்து அந்த இரண்டு அங்குல நூல் எட்டிப் பார்க்கிறது. இருவர் ஒரே ஆசிரியரிடம் கணக்கு கற்றவர்கள், ஒரே கிரிக்கெட் வீரரை விரும்புபவர்கள், இருவரின் அம்மாக்களும் ஒரே நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் என்பவை எல்லாம் அந்த நூலுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன.

2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த 12-ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தம்மைத் தொல்லை செய்தவர்களைப் பற்றி அவர் பள்ளியில் சொன்னதைத் தொடர்ந்து நடந்த தாக்குதல் அது. அரிவாளுடன் வந்தவர்கள் அவருடன் அதே பள்ளியில் படித்தவர்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது என் மனத்தை அறுத்ததும் இன்றுவரை விட்டுப்போகாததும் இந்தக் கடைசி விவரம்தான். ஒரே மணி ஓசைக்கு எழுந்து, ஒரே வரிசையில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியவர்கள் அவர்கள். அந்தக் கூட்டுறவு ஒரு கைத்தடுப்பு அளவுக்குக்கூடப் பயன்படவில்லை.

அந்த நிகழ்வுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று குழு அறிக்கையை அளித்தது. கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைச் சாதி அடையாளமாகப் பயன்படுத்துவதைத் தடுக்க வேண்டும், சாதி நிறம் தீட்டிய சைக்கிள்களுடன் பள்ளிக்கு வரக்கூடாது, மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, மாணவரின் சாதியைச் சுட்டி ஆசிரியர்கள் பேசக்கூடாது என்று பரிந்துரைகள் நீள்கின்றன. நாளிதழ்கள் கயிற்றையும் நெற்றிக்குறியையும் பற்றியே விவாதித்தன. அறிக்கையின் உயிர்நாடி பதிவேட்டைப் பற்றிய பகுதியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அரசுப் பள்ளியில் படித்த பலருக்கு நினைவிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பாடம் நடந்துகொண்டிருக்கும், அலுவலக உதவியாளர் ஒரு தாளுடன் வாசலில் நிற்பார். ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘எஸ்.சி., எஸ்.டி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு’ என்பார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது; பிள்ளைகளுக்குப் பணம் தவறாமல் கிடைக்க வேண்டும் என்ற அக்கறைகூட இருக்கும். என் வகுப்பில் அப்படி எழுந்தவர்களில் ஒருவன், எழும்போது மேசை மேலிருந்த வடிவியல் பெட்டியை எடுத்து அதன் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே நின்றான். பெயர் அழைத்து முடியும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை அவன் எங்களுக்கு வரைபடம் நன்றாக வரைபவன். இந்தியப் படத்தில் கட்ச் வளைகுடாவைப் பார்க்காமலே போடக்கூடியவன். அன்று மதியத்திலிருந்து சிலர் அவனை வேறு பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். அந்த மாற்றத்துக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

உதவித்தொகை அவனுக்கு உரிமைப்படி சேர வேண்டியது. அதைச் சேர்க்கப் பள்ளிக்கு அவன் சாதி தெரிந்தாக வேண்டும். சாதிச் சான்றிதழே கூடாது என்று பேசுபவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டதை ஈடுசெய்யும் ஒரே கருவியைப் பிடுங்கச் சொல்கிறார்கள். பள்ளி அறிந்திருப்பது வேறு, பள்ளி அறிவிப்பது வேறு. இந்த இரண்டையும் பிரிப்பதுதான் பதிவேட்டைப் பற்றிய பரிந்துரையின் சாரம். விவரம் எமிஸ் என்னும் கல்வித் துறையின் இணையதளத்திலோ தலைமை ஆசிரியரின் அலமாரியிலோ இருக்கட்டும். அது வகுப்பறைக்குள் வரத் தேவையில்லை. உதவித்தொகை பெறும் மாணவர்களைத் தலைமை ஆசிரியர் தம் அறைக்கு அழைத்துத் தனியாகச் சொன்னால் போதும். செலவில்லாத, சட்டத் திருத்தம் தேவைப்படாத, நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடிய சீர்திருத்தம் இது.

சான்றிதழின் இயல்பு பற்றியும் இங்கே விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அது ஒரே ஒரு விடையைத்தான் ஏற்கும். தென்கோடி மாவட்டங்களில் ஒரே தெருவில் அக்காள் குடும்பம் இந்துவாகவும் தங்கை குடும்பம் கிறிஸ்தவமாகவும் இருப்பதைப் பார்க்கலாம். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை பெரும்பாலும் இந்துக்களையே ஏற்றது, 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. எனவே தமிழ்நாட்டில் அக்காள் மகன் பட்டியல் சாதியிலும் தங்கை மகன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் வருவார்கள். தேநீர்க் கடையில் இருவருக்கும் கிடைக்கும் பார்வை ஒன்றுதான். தங்கை மகன் ஞாயிறு காலையில் ஒரு சபைக்கும், பொங்கலன்று பாட்டி வீட்டுக்கும், வசை விழும்போது பழைய தெருவுக்கும் உரியவனாக இருக்கிறான். அவனுடைய விண்ணப்பப் படிவத்தில் இவற்றுக்கு ஒரே கட்டம்.

கொங்குப் பகுதியில் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வந்து தமிழில் படிக்கிறார்கள். 2009-இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அவர்களுக்கு 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு தரப்பட்டது. அந்தச் சட்டம் கல்லூரி வாசலில் உதவுகிறது. ஒன்றாம் வகுப்பில் அந்தப் பிள்ளையின் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு சிரிக்கும்போது உதவுவதில்லை. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலுக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். வீட்டுக்கு வரும் மின்கட்டணச் செய்தியை அப்பாவுக்குப் படித்துச் சொல்பவர்கள் அவர்கள்தாம்; பள்ளியில் அவர்களுக்கு ‘இந்திக்காரப் பையன்’ என்பதே பெயர்.

கலப்பு மணம் செய்தவர்களின் பிள்ளைகள் நிலை இன்னும் நுட்பமானது. தந்தை அல்லது தாய், யாராவது ஒருவருடைய சாதியின் பெயரால் சான்றிதழ் பெற அரசு வழிசெய்திருக்கிறது. சாதி, மதக் கட்டங்களைக் காலியாக விடவும் 1973-இலிருந்தே அரசாணை இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், எதுவும் வேண்டாம் எனலாம். இரண்டும் என்னுடையவை என்று எழுத இடமில்லை. நிர்வாகத்தின் வேலைக்கு அது போதுமானதாக இருக்கலாம். நிர்வாகத்துக்குப் போதுமான விடையை வகுப்பறையும் போதும் என்று எடுத்துக்கொள்வதே பிழை.

சேர்ந்து உண்பதன் வழியாக இந்தப் பிரிவினையை உடைக்க முயன்ற நீண்ட வரலாறு நமக்கு உண்டு. நாங்குநேரி இருக்கும் அதே மாவட்டத்தில்தான் சேரன்மாதேவி இருக்கிறது. வ.வே.சு. ஐயர் அங்கு நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி இருந்தது 1924-25-இல் வெளிப்பட்டு, பி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி எழுப்ப, தமிழ்நாட்டு அரசியலின் திசையையே திருப்பிய பெருஞ்சர்ச்சையானது. பிற்காலத்தில் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு என்று அரசு ஒரே பந்தியை விரித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆயினும் 2023-இல் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைக் காலை உணவு உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ப் பேச வேண்டியதாயிற்று. மறுத்தவர்கள் பெற்றோர் என்பதைக் கவனிக்க வேண்டும். சூடான உப்புமாவின் முன் உட்கார்ந்த ஏழு வயதுப் பிள்ளைக்குச் சமைத்தவரின் சாதி ஒரு பொருட்டே அன்று.

விளையாட்டு இதைச் சரிசெய்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம், நானும் நம்பியவன். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பட்டியல் சாதி மாணவர் ஒருவரை வழிமறித்து வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. ஒரு கபடிப் போட்டியில் அவருடைய அணி வென்றதே காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஊர் வாரியாக அமையும் கபடிக் குழு பெரும்பாலும் தெரு வாரியாக, அதாவது சாதி வாரியாகவே அமைகிறது. அங்கே விளையாட்டு புதிய உறவு எதையும் தருவதில்லை, பழைய பகைக்கு மதிப்பெண் பலகை மாட்டித் தருகிறது. பள்ளி அணி அப்படி இருக்க வேண்டியதில்லை. ஏழு பேரில் மூன்று தெருக்காரர்கள் இருந்து, பாடிப்போகிறவனைப் பிடிக்கச் சங்கிலியாகக் கைகோத்தே ஆகவேண்டும் என்றால், அந்தக் கைகோப்பு விளையாட்டின் தேவையாலேயே கட்டாயமாகிறது. அணியைத் தேர்ந்தெடுக்கும் பி.இ.டி. ஆசிரியர் அந்த இடத்தில் செய்வது சமூக வேலை. எனவே அந்தப் பணியிடத்தைக் காலியாக வைத்திருப்பதை வெறும் நிர்வாகக் குறையாக என்னால் பார்க்க முடியவில்லை.

1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், நிறவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகளை ஒன்றாக்கியபோது எழுந்த மோதல்களைத் தணிக்க, உளவியலாளர் எலியட் ஆரன்சன் இதே தத்துவத்தைப் பாடத்துக்குள் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கிக் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் தருவது அவர் முறை. மற்றவன் வாய் திறந்து சொல்லாமல் யாருக்கும் முழுப் பாடம் கிடைக்காது. அன்பாக இருங்கள் என்று யாரும் உபதேசிக்கவில்லை. ஒருவனுக்கு மற்றவன் தேவைப்படும்படி வேலையை அமைத்தார்கள், அவ்வளவுதான்.

சாதியைச் சாராத புதிய சமூகங்களை அரசே உருவாக்கியிருப்பதையும் நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவருக்கு ‘முதல் பட்டதாரி’ சலுகை 2010-இலிருந்து இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. கல்லூரியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நிறக் கயிறு கட்டியவனும் அவனால் மிரட்டப்படுபவனும் ஒரே அரசுப் பள்ளியில், தமிழ்வழியில், படிக்காத பெற்றோரின் பிள்ளைகளாக இருக்கும்போது, இந்தப் பட்டியல்களில் இருவர் பெயரும் ஒன்றாகவே வரும். இருவருக்கும் இது தெரியாது. பெரும்பாலான பள்ளிகளில் யாரும் எடுத்துச் சொல்வதுமில்லை. ஸ்காலர்ஷிப்புக்கு எழுந்து நிற்கச் சொன்ன குரல், ‘உங்க வீட்ல முதன்முதலா காலேஜுக்குப் போகப் போறவங்க யாரெல்லாம்?’ என்று ஒருநாள் கேட்டிருந்தால், எங்கள் வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் எழுந்திருப்போம்.

ஆசிரியரும் ஒரு ஊரைச் சேர்ந்தவர், ஒரு தெருவைச் சேர்ந்தவர். ஒரு வட்டாரத்தில் எண்ணிக்கை மிகுந்த சாதியைச் சேர்ந்தவரையே அங்கு அதிகாரப் பொறுப்பில் வைக்க வேண்டாம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்றம் செய்ய வேண்டும் என்று சந்துரு குழு சொன்னபோது ஆசிரியர் சங்கங்களில் சிலர் வருந்தினார்கள். எல்லா ஆசிரியர்களையும் சந்தேகிப்பதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புகார் சொல்ல வரும் பிள்ளை, தலைமை ஆசிரியர் யாருடைய உறவினர் என்று யோசிக்காமல் வாயைத் திறக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பள்ளிகளில் வைக்கப்பட்ட ‘மாணவர் மனசு’ என்னும் புகார்ப் பெட்டியில் ஒரு மாணவர் சீட்டுப் போடுவதும் போடாததும், பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமையும்.

கயிறு கட்டியவனையும் இந்தப் பேச்சிலிருந்து விலக்கிவிடக் கூடாது. அவன் செய்த குற்றத்துக்குச் சட்டப்படி பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் பதினாறு வயதில் அவனுக்கும் வேறு எதிலும் மதிப்புக் கிடைக்கவில்லை என்பதைப் பள்ளி பார்க்கத் தவறியது. படிப்பில் பின்வரிசை, அப்பாவிடம் இருந்த நிலம் கைமாறிவிட்டது, மைதானத்தில் அணி இல்லை. செல்பேசியில் வரும் சாதிப் பெருமைப் பாட்டு ஒன்றுதான் அவனை ‘சிங்கம்’ என்று அழைக்கிறது. அவனுடைய மற்ற திறமைகளையும் உறவுகளையும் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அந்த ஒற்றைப் பெயரை அவன் அவ்வளவு இறுகப் பிடித்திருக்க மாட்டான் என்பது என் கணிப்பு.

அகரவரிசை இருக்கை என்பது மிகச் சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம். திருநெல்வேலிச் சீமையில் இசக்கியம்மனும் சுடலைமாடனும் ஒரு சாதிக்கு மட்டும் உரிய தெய்வங்கள் அல்லர்; ஊருக்குள்ளும் ஊருக்கு வெளியேயும் பல சாதியார் அவர்களைக் கும்பிட்டு, பிள்ளைகளுக்கு அவர்கள் பெயரையே வைக்கிறார்கள். பதிவேட்டில் சாதிக் கட்டத்தை எடுத்துவிட்டு வெறும் பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தினால், வேறு வேறு தெருவிலிருந்து வரும் இரண்டு இசக்கிமுத்துகள் ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார வேண்டிவரும். ஆசிரியர் பெயரைக் கூப்பிடும்போது இருவரும் ஒன்றாக நிமிர்ந்து பார்ப்பார்கள். எந்த இசக்கிமுத்து என்று அவர் தலைப்பெழுத்தைச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும்.